கடைசி வள்ளம் கரையேறும்வரை

தலைமன்னாரில் பாழடைந்து கிடந்த ஐஸ் தொழிற்சாலையை இடித்து மீன் சந்தை கட்டப்போகிறார்கள் என்றதும் ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. அதன் உயரமான தண்ணீர்த் தாங்கி எப்போது விழும் என்று நானும் துள்ளிக்கொண்டு நின்றேன்.

அதை இடிக்கப் பெக்கோ இயந்திரம் ஓட்ட வந்தவர் உயிலங்குளத்து வயல்காரர். ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டுத்தான் இயந்திரத்தில் ஏறுவார். அன்றும் அப்படியே ஏறியவர், எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தத் தாங்கியைப் பார்த்துக் கரைக்கு வாற வள்ளம் எல்லாம் வந்திட்டுதோ?"

கடற்கரையில் பிறந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இன்னும் ரெண்டு வரேல்லை. அவையளிட்ட ஜிபிஎஸ் இருக்கு, நீங்கள் அடியுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

"எங்கட வயலில நிண்ட பனையைத் தறிச்சனான், தம்பி. அண்டைக்கு என்ர மாடுகள் பட்டிக்கு வரேல்லை."

இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி வள்ளம் மணலில் ஏறிய பிறகுதான் தாங்கி சாய்ந்தது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த வள்ளக்காரர் எங்களைவிடப் பலமாக விசிலடித்தார்.

புழுதி அடங்கியதும் பெக்கோக்காரரைத் தேடினேன். இன்னும் யாராவது கரைக்கு வராமல் இருக்கிறார்களோ என்று அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.