ஆடு பிடுங்கிய மரக்கன்று

எண்பதுகளில் நான் அரசுக் கனிம ஆய்வாளர். ஜவ்வாது மலையில் கல் குவாரிப் பள்ளத்தை மூடி மரம் நட்டால்தான் குத்தகைதாரருக்கு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அவரோடு பார்க்கப் போனேன். சமன் செய்த மண்ணில் வரிசையாகப் பச்சைக் கன்றுகள்! மகிழ்ச்சியோடு சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

அப்போது ஒரு வெள்ளாடு ஒரு கன்றைக் கடித்து இழுத்தது. அப்படியே வந்துவிட்டது. வேரே இல்லை, வெறும் கிளை.

ஆடு மேய்த்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நேத்துதான் வெட்டியாந்து சொருகினாங்க சார். எங்களுக்கு மெய்யாலுமே நெழலு வேணுங்க."

குத்தகைதாரர் தலையைச் சொறிந்தார். நான் பேனாவை மூடினேன்.

அடுத்த மழைக்குப் புங்கன் கன்றுகள் நட்டார்கள். நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"மெதுவா சார், நீங்களே புடுங்கிடப் போறீங்க!" என்றார் அந்த அம்மா.

அதன்பிறகு எங்கு போனாலும், குனிந்து தொட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.