முதலாளி போட்டுக் கொடுத்த பந்தல்

காலை எட்டே காலுக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினோம். விழுப்புரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அதற்குள் பாசஞ்சர் நின்ற இடங்களுக்குக் கணக்கே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். எனக்கு டாக்டரம்மா துணை, டாக்டரம்மாவுக்கு இரண்டு மருந்துப் பெட்டிகள் துணை. ஸ்டேஷன் வாசலில் டீ ஒன்றரை ரூபாய். டீயா அது! வெந்நீருக்குச் சாயம் போட்டிருந்தார்கள்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நான் தலைவி. இந்த ஊர்ப் பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தோம். வகுப்பில் பாடத்தைவிட இருமல் சத்தம்தான் அதிகம் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். அச்சில் வார்த்துக் காயவைத்த பொம்மையின் பிசிறைச் சுரண்டுகிறார்கள். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகிறது. இருமுகிறவர்களைக் கண்டுபிடித்து, கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போவது எங்கள் திட்டம்.

"கேம்ப்பு எங்கங்க?" என்றார் ஆட்டோக்காரர் காசிம் பாய். கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"கம்பெனிக்கு உள்ளயேவா? வெளிய ஒரு ஸ்கூலுல வச்சிருக்கலாமேங்க."

"முதலாளியே பந்தல் போட்டு, சாப்பாடும் போடுறார் பாய்!" என்றேன் பெருமையாக. அவர் வண்டியைக் கிளப்பினார்.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதலாளி தங்கமான மனிதர். வாசலுக்கே வந்து வரவேற்று, "உதவிக்கு வச்சுக்குங்க" என்று சூப்பர்வைசரை டாக்டரம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

"இருமல் இருக்கா?"

"இல்லீங்க."

"மூச்சு வாங்குதா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது."

ஊரிலுள்ள முட்டியெல்லாம் எங்கள் பந்தலுக்கு வந்தது. ஒரு இருமல்கூட வரவில்லை. அஞ்சலை என்ற பெண்ணின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இருமலே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். அஞ்சலை குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அங்கேயே சொல்லக் கூடாதா?"

"எங்க சொல்றது? அவரு பக்கத்துலயே குந்திக்கினு இருக்காரு. இருமுதுன்னு சொன்னா நாளையிலேருந்து வேலைக்கி வராதம்பாங்க. நீங்க பஸ்ஸு ஏறிடுவீங்க. என் வூட்ல ஒல யாருங்க வைக்கிறது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. அடிப்பாவி, ஆட்டோக்காரருக்கு உறைத்தது உனக்கு உறைக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். "அஞ்சரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வா. எங்ககூடக் கடலூர்ல தங்கிக்கோ. காலைல எக்ஸ்ரே எடுத்துட்டு அனுப்பிடறேன்" என்றேன்.

"ஜங்ஷனுக்குப் பின்னாலதாங்க வூடு. சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள். அன்றைக்கு அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

கடலூர் பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து இடம் போட்டு உட்கார்ந்திருந்தோம். சொன்னபடி வந்துவிட்டாள், தலை சீவி, கையில் மஞ்சள் பையோடு. நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், அவளுக்குப் பக்கத்து டீக்கடையில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"அந்தம்மா ஒன்னையா கூப்புடுறாங்க?"

"என்னைய எதுக்குங்க கூப்புடப் போறாங்க? நான் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

கையை இறக்கிக்கொண்டேன். அந்த பஸ் வந்தது. எங்கள் பக்கம் பார்க்காமல் ஏறிவிட்டாள். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். வேறு வழியில்லாமல் நானும் கும்பிட்டேன்.

சென்னையில் என் வீட்டில் நான் இரண்டு தடவை இருமினால் மிளகுப் பால் வந்து நிற்கும். இங்கே ஒருத்தி தன் இருமலை மறைக்க, போக வேண்டாத ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாள்.