வரப்பைத் தாண்டிய பந்து

கோல் கீப்பருக்கு வாய்தான் முதல் தகுதி. பந்து தன் பக்கம் வராத நேரமெல்லாம் அவன் கத்திக்கொண்டே இருக்கலாம். நான் அந்த இடத்துக்கு வந்ததே அதனால்தான். எனக்கு ஓட வராது, உதைக்க வராது, திட்ட நன்றாக வரும். எங்கள் டீமில் மற்ற பத்துப் பேரையும் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துத் திட்டியவன் நான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

ஊர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்குத் தெற்கே. தை அறுப்பு முடிந்து, அறுப்புக்கு முன்பே தெளித்துவிட்ட உளுந்தையும் பிடுங்கிவிட்டால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயல் சும்மா கிடக்கும். அந்தக் கோடைதான் எங்கள் கால்பந்துக் காலம். வெடிப்பில் கட்டைவிரல் சிக்கும், அறுத்த நெல்லின் காய்ந்த தாள் உள்ளங்காலைக் குத்தும். அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாக இருந்தது நடுவில் குறுக்கே ஓடிய வரப்பு ஒன்றுதான்.

வரப்புக்குக் கிழக்கே கோயில் நிலம், என் அப்பா குத்தகைக்குச் செய்தது. மேற்கே மிராசுதாரின் சொந்த நிலம். அப்பா வரப்பை ஒரு முழம் மேற்கே தள்ளிவிட்டார் என்று மிராசுதார் சொன்னார். அவர்தான் கிழக்கே தள்ளினார் என்று அப்பா சொன்னார். ஆட்சி மாறி, குத்தகைக்காரனை யாரும் சும்மா எழுப்பிவிட முடியாது என்று சட்டமெல்லாம் வந்திருந்த காலம். அப்பாவுக்குத் துணிச்சலும் வந்திருந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வரும்வரை வரப்பில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார்கள். எங்கள் மைதானத்தின் நடுக்கோடு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, புல் முளைத்து, கோர்ட்டின் பாதுகாப்பில் நின்றது.

ஆகையால் எங்கள் ஆட்டம் வேறு யாரும் ஆடாத ஆட்டமாகிவிட்டது. உருட்டி பாஸ் கொடுத்தால் பந்து வரப்பில் முட்டி நிற்கும். நடுவில் வந்ததும் எல்லோரும் பந்தைத் தூக்கித்தான் போடவேண்டும். ஆளும் எகிறித்தான் ஓடவேண்டும். ஒருவன் மட்டும் விதிவிலக்கு. தெற்குத் தெருக்காரன், கூலிக்கு அறுப்பறுக்கும் வீட்டுப் பையன். அவன் பந்தைக் கட்டைவிரலால் கிள்ளித் தூக்கி, கூடவே தானும் எகிறுவான். அவனும் பந்தும் ஒன்றாக அந்தப் பக்கம் இறங்குவார்கள். பார்க்க அத்தனை அழகு. இறங்கியவன் யாருக்காவது கொடுப்பானா என்றால் மாட்டான். தானே கொண்டுபோய், தானே நாலு பேரைச் சுற்றி, கடைசியில் தானே தொலைத்துவிட்டு வருவான்.

முன்னால் வெறும் கோலைப் பார்த்தபடி காத்துக்கிடப்பவன் மிராசுதாரின் மகன். பந்து அவனுடையது. ஊரில் இருந்த ஒரே தோல் பந்து.

"ஏண்டா, எனக்குக் குடுத்தா என்னடா?" என்று ஒரு நாள் மிராசுதார் மகன் கேட்டான்.

"அறுப்புக்கு ஒரு படி நெல்லு கூடக் கேட்டதுக்கு உங்கப்பா குடுக்கல. பந்த மட்டும் நான் குடுக்கணுமா?"

அந்த வருஷம் அறுப்பு வேலைநிறுத்தத்தில் பாதி வயல் அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடந்தது. தெருவுக்குத் தெரு ஒரு கட்சிக் கொடி. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எந்தத் தெருவிலும் தனியாகப் பதினொரு பேர் தேறாததால் மட்டுமே நாங்கள் ஒரு டீம். சட்டை எடுக்கும்போதுகூடச் சண்டை. சிவப்பு என்றால் ஒருத்தன் மாட்டேன் என்றான், கறுப்பும் சிவப்பும் என்றால் இன்னொருத்தன் மாட்டேன் என்றான். கடைசியில் எல்லோரும் அவரவர் வீட்டு வெள்ளை பனியனைப் போட்டுக்கொண்டோம்.

அந்தக் கோடையில் கூத்தாநல்லூரில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். நீடாமங்கலத்தில் பஸ் மாறும்போது மிராசுதார் மகன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இன்னிக்குத் தோத்தா இந்தப் பந்து பரண்மேலதான். யாரும் என்னைத் தேடி வராதீங்க."

பந்து பரணுக்குப் போனால் டீமும் போயிற்று. திட்டுவதற்குப் பத்துப் பேர் இல்லாவிட்டால் நான் யார்?

கூத்தாநல்லூர் மைதானம் களத்துமேடு மாதிரி சமமாக இருந்தது. எதிர் டீமில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக் கோடு.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆள் பந்தோடு கோடு வரை ஓடினான். கோட்டைப் பார்த்ததும் பந்தைத் தூக்கிப் போட்டான், அது நேராக எதிராளியின் மார்பில் போய் விழுந்தது. அடுத்தவனும் தூக்கினான். மிராசுதார் மகன் பந்தே இல்லாமல் ஓடிவந்து, கோட்டருகே ஒரு எகிறு எகிறித் தாண்டினான். சுற்றி நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"தம்பிகளா, அங்க என்னப்பா கெடக்கு? பாம்பா?" என்றார் ஒரு பெரியவர்.

இடைவேளைக்குள் எனக்கு இரண்டு கோல் விழுந்துவிட்டது. அவர்கள் எங்களுக்கும் சேர்த்தே கொண்டுவந்த நன்னாரி சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த வசவையெல்லாம் கொட்டினேன்.

"ஏண்டா, இங்க வரப்பு எங்கடா இருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எனக்கு இருக்கு. கால் தானா தூக்குது" என்றான் தெற்குத் தெருக்காரன். மூச்சு வாங்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "அவங்களுக்குத்தான் இல்ல. அவங்க எகிற மாட்டாங்க."

மிராசுதார் மகன் சர்பத்தைக் கீழே வைத்தான். "அப்ப நீ மட்டும் எகிறு. மத்தவன் எல்லாம் கோட்ட மறந்துட்டுத் தரையில ஆடட்டும். ஊர்ல நான் நிக்கிற அதே எடத்துல நிக்கிறேன். தாண்டினதும் குடுப்பியா?"

"நீ மொதல்ல நில்லு. பாப்போம்."

என் பேத்தி இப்போது தஞ்சாவூரில் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறாள். பயிற்சியாளர் நாள் முழுக்க "பாஸ், பாஸ்" என்று கத்துகிறார். வேலி ஓரம் நிற்கும் அப்பாக்கள் "நீயே போ, நீயே போ" என்று கத்துகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் நினைவுக்கு வரும். அவனுடைய எகிறலை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, யாரும் தடுத்திருக்கவும் கூடாது. ஆனால் இறங்குகிற இடத்தில் ஒருத்தன் நிற்கவேண்டும். நிற்கிறவன்மேல் எகிறுகிறவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் வேண்டும். இதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். "சார், வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

இரண்டாம் பாதியில் தெற்குத் தெருக்காரன் கோட்டுக்கு வந்தான். பூட்ஸ் போட்ட இருவர் பந்தைப் பறிக்கக் காலை நீட்டினார்கள். இவன் இல்லாத வரப்பைத் தாண்டினான். நீட்டிய கால்களுக்கு மேலே அவனும் பந்தும் ஒன்றாகப் போய் அந்தப் பக்கம் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கத்த வாய் வரவில்லை. இறங்கியவன் தலையை நிமிர்த்தாமலே பந்தை இடது பக்கம் தள்ளினான். அங்கே, சொன்ன இடத்தில், மிராசுதார் மகன் நின்றான். கோல்!

அவ்வளவுதான். அதன் பிறகு அவர்களும் எகிறக் கற்றுக்கொண்டார்கள், நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் மிராசுதார் மகன் பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் பத்துப் பேர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பந்து வருமா, பரணா? வெயில் சாய்ந்தபோது அவன் வந்தான். ஒரு கையில் பந்து. தோளில் மண்வெட்டி.

"இந்த வரப்புனாலதான் தோத்தோம். வெட்டிடுவோம். போலீஸ் வந்தா வரட்டும்."

தெற்குத் தெருக்காரன் எழுந்திருக்கவே இல்லை. "வெட்டிட்டா நான் எங்கடா எகிறுவேன்? நேத்து நீ கோல் போட்டியே, அது எங்கேருந்து வந்துச்சு?"

அவன் மண்வெட்டியோடு யோசித்துக்கொண்டு நின்றான். அதற்குள் சேதி ஊருக்குள் போய்விட்டது. மிராசுதார் மகன் மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. கிழக்கிலிருந்து என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். மேற்கிலிருந்து மிராசுதார் ஆட்களோடு வந்தார்.

"யாருடா வரப்புல கை வெச்சது?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"யாரும் வெக்கல" என்றான் மிராசுதார் மகன். மண்வெட்டியைத் தூர எறிந்தான். "வரப்பு இருந்த எடத்துலயே இருக்கணும். ஒரு விரக்கடைகூட நகரக் கூடாது. எங்க ஆட்டம் இதுலதான் இருக்கு." சொல்லிவிட்டுப் பந்தைக் கீழே போட்டு ஓங்கி உதைத்தான்.

பந்து பரணுக்குப் போகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் திட்டவே தோன்றவில்லை. ஊர் முழுக்க அந்த வரப்பை நகர்த்தத் துடித்துக்கொண்டிருக்க, அது அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தது நாங்கள் பதினொரு பேர்தான்.

பெரியவர்கள் உடனே போய்விடவில்லை. அவரவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பந்து ஒருமுறை என் அப்பாவின் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுக்கப் போனார். "கையால தொடாதீங்கப்பா!" என்று கத்தினேன். மிரண்டுபோய் ஒரு உதை விட்டார். பந்து வரப்பைத் தாண்டி மிராசுதார் முன்னால் போய் விழுந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெற்குத் தெருக்காரன் ஓடிவந்து கையைத் தூக்கினான். அவன் அப்பாவாக இருந்தால் "ஆண்டே" என்று கையைக் கட்டிக்கொண்டு எட்டவே நின்றிருப்பார். இவன் நேரே பார்த்து, "எனக்குக் குடுங்க" என்றான்.

மிராசுதார் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் பந்தைத் தள்ளினார். பாஸ் அப்படியொன்றும் பிரமாதமில்லை, ஆனால் அவன் காலுக்குப் போய்ச் சேர்ந்தது.