சாயத் தொட்டிக்குள் போன வெடிப்பெட்டி

மருதமுனையில் தறி நெய்கிற ஹுஸ்னியாவுக்குப் பெருநாள் என்றாலே முதலில் முதுகுதான் நோகும். தலைப்பிறை பார்க்கிற அன்று நோன்பு திறந்த கையோடு கிணற்றடிக்குப் போய்விடுவாள். தண்ணீர் அள்ளிச் சாக்குகளை நனைத்து, தறிக்கொட்டிலின் தென்னங்கிடுகுக் கூரையில் விரிப்பாள். மூன்றாம் வீட்டுக் கொட்டில் ஒரு பெருநாளுக்கு வாணம் விழுந்து எரிந்ததைக் கண்ட நாளிலிருந்து இதே வேலைதான். அந்தத் தறியோடு ஏற்றிக் கிடந்த பாவு நூலும் போனது. வீட்டுக்காரி பிறகு நெய்யவே இல்லை.

இந்தமுறை ஹுஸ்னியாவின் தறியிலும் புதுப் பாவு. பெருநாள் கழிந்தால் அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

பள்ளி ஒலிபெருக்கியில் பிறை கண்ட செய்தி வந்ததும் தெருவெல்லாம் வெடி தொடங்கியது. கட்டாரிலிருந்து வந்திருந்த தம்பி பஹ்மி, கொளுத்திய ஊதுபத்தியும் கையுமாக வாசலில் நின்றான்.

"என்ன ராத்தா, தொழப்போற மாதிரி கூரைக்கு வுளூ எடுத்துக் குடுக்கிறியா?"

"நீ சிரி மனே. ஒன்ட வெடியெல்லாம் கடக்கரையில கொண்டு போய்க் கொளுத்து."

"ஓம், ஓம். நனையாம தறிக்குழியிலதான் வெச்சிரிக்கன்."

ஹுஸ்னியா வாளியைக் கீழே வைத்தாள். நெய்கிறவள் காலைத் தொங்கவிடுகிற குழி அது. பாவுக்கு நேர் கீழே. ஈரம் படக்கூடாத சாமான், பிள்ளைகள் தொடக்கூடாத சாமான் எல்லாவற்றையும் அதற்குள் ஒளிப்பது அந்த வீட்டுப் பழக்கம். வெடியையும் அப்படியே வைத்துவிட்டான்.

அவள் கொட்டிலுக்குள் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தாள். வாங்குவதற்கு பஹ்மி கை நீட்டினான். ஊதுபத்தி இன்னும் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது. ஹுஸ்னியா அப்படியே திரும்பி, பெட்டியை வாசலோரம் நூல் நனைக்கிற நீலச் சாயத் தொட்டிக்குள் அமுக்கினாள்.

"கொழும்பில வாங்கின சாமான் ராத்தா."

"நெருப்போட கைய நீட்டுறாய், வெக்கமில்லாம."

பஹ்மி ஊதுபத்தியை வீசிவிட்டு, கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் துழாவினான். கூழ்தான் கையில் வந்தது.

மறுநாள் பெருநாள் தொழுகையில் பஹ்மிக்குப் புது வெள்ளைச் சட்டை, நீலக் கை. தேசிக்காய்ப் புளி தேய்த்தும் போகவில்லை. கைகொடுத்த ஆளெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஹுஸ்னியாவின் புருஷன் மசூர் சிரித்தபடியே வீடு வந்தார். பஹ்மி யாரையும் பார்க்காமல் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தைத் தின்று முடித்தான்.

"கோவமா மனே?"

"சாக்க இறக்கவா ராத்தா?"

"இன்டைக்கும் வெடிப்பானுகள். சாக்கெல்லாம் காஞ்சி கிடக்கு. தண்ணி அள்ளு."

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வாளியை எடுத்தான். ஹுஸ்னியா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.