இஸ்திரி அக்கா அக்கரைக்குப் போன கதை

எங்கள் தெருமுனையில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. முன்னால் துணி வாங்கி வைக்கும் மேசை, உள்ளே சுவரோரமாக நீளமான இஸ்திரிப் பலகை, அதற்கும் பின்னால் எந்நேரமும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் கொதிகலன். கல்யாணமாகி வந்த மறுவாரமே அந்தப் பலகைக்கு முன்னால் வந்து நின்றவர் இஸ்திரி அக்கா. புருஷன் வெளுத்தார், இவர் தேய்த்தார். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வெளுப்பதற்கு ஆள் வைத்துக்கொண்டு, தேய்ப்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைக்கு மேலேதான் வீடு. அதில் அக்காவோடு இருப்பது அவருடைய நாத்தனார். தட்டச்சுப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். தெருவுக்கு அவர் டைப் டீச்சர். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. எதிர்வீட்டு ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதில் தொடங்கி எதிலும் அவர்களுக்கு ஒத்துப்போகாது. ஆனால் ஒருவர் வராமல் இன்னொருவர் தட்டில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதானபோது இடுப்பு மக்கர் செய்ய ஆரம்பித்தது. நின்றே கழித்த வாழ்க்கை, இடுப்பைச் சொல்லிக் குற்றமில்லை. மாத்திரை கொடுத்துப் பார்த்த டாக்டர் கடைசியில், “தண்ணியில இறங்குங்க. நீச்சல் கத்துக்கிட்டா இன்னும் நல்லது” என்றார்.

“இந்த வயசுலயா?” என்றார் கூடப் போயிருந்த டைப் டீச்சர்.

“தண்ணிக்கு வயசு தெரியாதும்மா” என்றார் டாக்டர்.

நகராட்சி நீச்சல் குளத்தில் ஆரம்பப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பால் பல் விழுந்துகொண்டிருந்த பிள்ளைகள். அக்கா முதல் மாதம் முழுக்கக் கரைக் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிள்ளைகள் குதித்து விளையாடும்போது தெறித்த தண்ணீருக்கே கண்ணை மூடிக்கொண்டார். கற்றுக்கொடுத்த பெண் பொறுமைசாலி. ஒருநாள் அக்காவை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் கை கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை உருவிவிட்டாள். அக்காவுக்கு அது தெரியவே இல்லை. தெரிந்தபோது பயம் வரவில்லை. “இத்தனை வருஷமா என் எடையை நானே தூக்கிக்கிட்டு நின்னேன். அன்னைக்குத்தான் இறக்கி வச்சேன்” என்று என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விடியற்காலையில் குளம், அப்புறம்தான் கடை. மூன்று வருஷத்தில் குளத்தை நிறுத்தாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்துகொண்டே இருக்கும் அளவுக்கு வந்துவிட்டார். இடுப்பு வலி எப்போது போனது என்பது அவருக்கே நினைவில்லை. ஆனால் வேறொரு குறை வந்து சேர்ந்தது.

“எவ்வளவு நீந்தினாலும் திரும்பத் திரும்ப அதே சுவருக்குத்தான் வர்றேன்” என்றார் ஒருநாள் சாப்பாட்டின் நடுவில். “ஒரு தடவையாவது நீந்தி ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும்.”

டைப் டீச்சர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க போய்ச் சேர்றதா உத்தேசம் அண்ணி?”

“ஏரிக்கு. ரயில் போகுதுல்ல.”

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரைநாள் தூரத்தில் அந்த ஏரி இருக்கிறது. கோடையில் ஊரே அங்கேதான் இருக்கும். கரை முழுக்க விடுதிகள், தண்ணீர் முழுக்க மோட்டார் படகுகள். அந்தச் சமயத்தில் காலை நனைக்கலாம், நீந்த விடமாட்டார்கள். கூட்டம் வடிந்த பிறகு கேட்க ஆளில்லை. அக்கா அதை விசாரித்து வைத்திருந்தார்.

டைப் டீச்சர் ஒரு வாரம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். எட்டாம் நாள் தன் பெட்டியையும் எடுத்து வைத்தார். “உங்களைத் தனியா அனுப்பிட்டு, அப்புறம் அண்ணன் கனவுல வந்து கேட்டா நான் பதில் சொல்ல முடியாது.”

ரயிலில் அவர்கள் பெட்டி பாதிக்குமேல் காலி. ஜன்னலோர இருக்கைகள் வேண்டிய மட்டும் இருந்தும் இரண்டு பேரும் ஒரே ஜன்னலுக்குச் சண்டை போட்டார்கள். டிக்கெட் பரிசோதகர் சீட்டை வாங்கி ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, “சீசன் முடிஞ்சு போச்சேம்மா. இப்ப அங்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“ஏரி இருக்குல்ல?” என்றார் அக்கா.

அவர் யோசித்துவிட்டு, “அது இருக்கு” என்று ஒப்புக்கொண்டு போனார்.

ஊர் அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கு இறங்கும் தெருவில் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. ஐஸ்கிரீம் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருந்த மரக்குதிரை ஒன்று பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு நின்றது. நடுத்தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுந்து வழிவிட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

ஒரே ஒரு விடுதிதான் திறந்திருந்தது. அதுவும் சுத்தம் செய்வதற்காகத் திறந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். விடுதிக்காரம்மா துடைப்பத்தோடு வெளியே வந்து, இவர்கள் தங்க வந்திருக்கிறார்கள் என்பதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, “இருக்கறதுலயே நல்ல ரூமை எடுத்துக்கோங்க. எல்லாம் காலிதான்” என்று ஏரியைப் பார்த்த மாடி அறையைத் திறந்துவிட்டார். பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட கம்பளியில் அந்துருண்டை வாசனை அடித்தது. அக்கா தலையணை உறையைக் கையால் நீவிப் பார்த்து, “மடிப்பு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது” என்றார்.

“லீவுல வந்திருக்கோம் அண்ணி” என்றார் டைப் டீச்சர்.

அறை ஜன்னலைத் திறந்ததும் முழு ஏரியும் தெரிந்தது. டைப் டீச்சர் ஜன்னலிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். அக்கரை ஒரு பென்சில் கோடு மாதிரி இருந்தது. அதில் வெள்ளையாக ஒரு பொட்டு. அது படகுத்துறை என்றார் விடுதிக்காரம்மா.

படகுக்காரர் கரைக் கொட்டகையில் படகைக் கவிழ்த்துப் போட்டு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் தூரிகையை நிறுத்தாமலே, “முடியாதும்மா” என்றார்.

“ஏன்?”

“நீங்க ஆசைப்பட்டு இறங்குவீங்க. பாதியில ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க.”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்” என்றார் டைப் டீச்சர்.

அக்கா வாதாடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் நீச்சல் உடையோடு வந்தார். கரையிலிருந்து பார்வைக்கு எட்டிய தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை கட்டியிருந்தது. “அதைத் தொட்டுட்டு வர்றேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க” என்று இறங்கினார். காற்று சில்லென்றிருந்தது. தண்ணீர் அவ்வளவு மோசமில்லை, கோடையின் சூடு அதன் வயிற்றில் இன்னும் மிச்சமிருந்தது. தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது படகுக்காரர் தூரிகையைக் கீழே வைத்திருந்தார்.

“அலட்டிக்காம நீந்துறீங்க” என்றார். “காலையில காத்து இல்லேன்னா போலாம். நான் பக்கத்துலயே படகுல வருவேன். கையைத் தூக்குனீங்கன்னா ஏத்திக்குவேன். சம்மதமா?”

“சம்மதம்.”

மறுநாள் காலை ஏரி தேய்த்து விரித்த துணி மாதிரி கிடந்தது. இப்படிச் சொன்னது நானில்லை, அக்காவேதான். கரையில் நின்று வழியனுப்புவதாக இருந்த டைப் டீச்சர் கடைசி நிமிஷத்தில் படகில் ஏறினார். அவருக்கு வாளித் தண்ணீரைக் குனிந்து பார்த்தாலே தலை சுற்றும். ஒரு மிதவைச் சட்டை போதாதென்று அதற்குமேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டு, கை இரண்டும் உடம்பிலிருந்து விலகி நிற்க, படகின் நடுப் பலகையில் உட்கார்ந்தார்.

முதல் பாதி சுகமாகப் போனது. அக்கா கையை வீசி, மூச்சு வாங்கி, மறுபடி வீசி, அதைத் தவிர வேறொன்றையும் நினைக்காமல் போனார். கடைத் துணி, கொதிகலன், எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு முறை மூச்சுக்காக முகத்தைத் திருப்பும்போதும் படகும் அதில் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரும் தெரிந்தார்கள். ஒருமுறை சிரிப்பு வந்து ஒரு வாய் ஏரியைக் குடித்துவிட்டார்.

நடு ஏரியைத் தாண்டியதும் காற்று எழுந்தது. பெரிய அலை இல்லை, ஆனால் எதிரலை. வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்து முகத்தில் வந்து அடித்தது. வெள்ளைப் பொட்டு கிட்ட வருவதாகவே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. அக்கா நின்றுவிட்டார். தலை ஒருமுறை தண்ணீருக்குள் போய் வந்தது.

“போதும். ஏத்துங்க அவங்களை” என்று டைப் டீச்சர் கத்தினார். படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றார் அக்கா. “தொட்டா நான் போனதா ஆகாது.”

மல்லாக்கத் திரும்பிப் படுத்தார். வலித்த காலின் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, அலை தூக்கித் தூக்கிப் போட அப்படியே கிடந்தார். கை இரண்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. மேலே தூக்கவில்லை. படகுக்காரர் டைப் டீச்சரைப் பார்த்தார். இப்போது முடிவு அந்தம்மாள் கையில் இருப்பதுபோல ஆகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகுக்காரர் அக்காவை அள்ளிப் போட்டிருப்பார்.

டைப் டீச்சர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். “எனக்குப் பயம்தான் வந்திருக்கணும்” என்று என்னிடம் சொன்னார். “ஆனா அந்த முகத்துல பயமே இல்ல. கொஞ்சம் பொறு, வந்துர்றேன்னு கடையிலேர்ந்து சொல்வாங்களே, அந்த முகம்.”

“விடுங்க” என்றார் படகுக்காரரிடம். “கால் சரியாகட்டும்.”

கால் விட்டது. அக்கா குப்புறத் திரும்பி மறுபடி கையை வீசினார். ஆனால் தாளம் தப்பிப்போயிருந்தது. ஒரு வீச்சு நீளம், ஒரு வீச்சு குட்டை, மூச்சு நடுவில் எங்கேயோ. அப்போதுதான் டைப் டீச்சர் படகில் எழுந்து நின்றார். வாளித் தண்ணீருக்குப் பயந்தவர், நடு ஏரியில், ஆடுகிற படகில் எழுந்து நின்றார். கையைத் தட்டிக்கொண்டு, வகுப்பில் நாற்பது மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வைத்த அந்தப் பழைய குரலில் தட்டச்சின் முதல் பாடத்தை ஆரம்பித்தார்.

“ஏ, எஸ், டி, எஃப். மூச்சு. ஏ, எஸ், டி, எஃப். மூச்சு. அவசரம் வேண்டாம் அண்ணி. சீரா. ஏ, எஸ், டி, எஃப்.”

அக்காவின் கை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது. நாலு வீச்சு, ஒரு மூச்சு. எதிரலை அடித்தபடியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது யாரோ ஒருவருடைய வேலை, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல அவர் போய்க்கொண்டிருந்தார். படகுக்காரரும் தன்னை அறியாமல் அதே கணக்கில் துடுப்புப் போட ஆரம்பித்தார். வெள்ளைப் பொட்டு பலகையாயிற்று, பலகைக்குக் கால்கள் முளைத்தன, கால்களில் பச்சைப் பாசி தெரிந்தது. நாணல் கையில் உரசியது. பிறகு முழங்காலில் சேறு தட்டியது.

அக்கா எழுந்து நின்றார். நீச்சல் தொப்பியைக் கழற்றினார். மூடிக் கிடந்த விருந்தினர் மாளிகையின் தோட்டக்காரர் ஒருவர் அங்கே இலை பெருக்கிக்கொண்டிருந்தார். ஏரிக்குள்ளிருந்து ஒரு பெண்மணி நடந்து வருவதைப் பார்த்துப் பெருக்குவதை நிறுத்தினார்.

“எங்கேருந்து வர்றீங்க?”

“அந்தக் கரையிலேருந்து.”

“படகு?”

“பின்னாடி வருது” என்றார் அக்கா.

படகிலிருந்து இறங்கிய டைப் டீச்சர் இரண்டு மிதவைச் சட்டைகளோடும் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அப்படியெல்லாம் பழக்கம் கிடையாது. நடுவில் நின்ற மிதவைச் சட்டைகளால் சரியாகக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை. இருவரும் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே தோட்டக்காரரும் சிரித்தார். படகுக்காரர் தன் சால்வையை எடுத்து அக்காவின் தோளில் போட்டு, “இந்த ஏரியில படகு ஓட்ட ஆரம்பிச்சு, நான் ஆள் ஏத்தாம இந்தக் கரைக்கு வந்தது இன்னைக்குத்தான்” என்றார்.

“அப்ப நான் யாரு?” என்று கேட்டார் டைப் டீச்சர்.

திரும்பும்போது அக்கா படகில்தான் வந்தார். நீந்தி வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். விடுதியில் வெந்நீர் தயாராக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மேசையில் மட்டும் நாற்காலிகளை இறக்கி, துணி விரித்து வைத்திருந்தார் விடுதிக்காரம்மா. மாடி ஜன்னலிலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். “இத்தனை வருஷம் இந்த ஏரிக்கரையில இருக்கேன், நான் இன்னும் இடுப்புக்கு மேல இறங்கினதில்ல” என்று சொல்லிக்கொண்டே தட்டை நிரப்பினார். அக்கா இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் இந்த முறை ஜன்னலோரத்தை நாத்தனாரே விட்டுக்கொடுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி பேச்சுக்கு, “ஏரிக்கா போயிட்டு வர்றீங்க?” என்று கேட்டதுதான் தாமதம், டைப் டீச்சர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர்கள் இறங்கி வேறு ஆட்கள் ஏறியதும் அவர்களுக்கும் சொன்னார். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஏரி கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது. அலைகள் முதலில் முழங்கால் உயரம் இருந்தன, பிறகு ஆள் உயரத்துக்கு வந்தன. அக்கா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. எதையும் திருத்தவில்லை.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“எங்க அண்ணி” என்றார் டைப் டீச்சர், பெட்டியின் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரி.