நாவல்மரத்தில் கட்டிய தொட்டில்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. "சும்மா கதை விடாதப்பா" என்பவர்கள் சமயநல்லூருக்குப் போய் ஜீப் ஓட்டும் நல்லகாமனைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "போய்யா, போய்ப் பொழப்பப் பாரு" என்று வாயை அடைக்கிற மனிதர் அவர். அந்த மனிதர் இப்போது சிறுமலைக்குச் சவாரி போவதே இல்லை. ஏன் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். நடுவில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மீதியைச் சொன்னார்.

மலையில் தெரிந்தவர்களின் தோட்டங்களில் டென்ட் போட்டுக் கொடுப்பதுதான் அப்போது அவருக்குப் பிழைப்பு. மாசி மாதத்தில் ஒருநாள் பழங்காநத்தத்திலிருந்து போன் வந்தது. பேசியவன் பெயர் செல்வக்குமார்.

"அண்ணே, நானும் வீட்டுக்காரியும். கூட... கைக்குழந்த. மலையில ஒரு ராத்திரி தங்கணும். நல்ல இடமாப் பாத்துக் குடுங்கண்ணே."

"எத்தன மாசம் தம்பி?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தார் நல்லகாமன்.

"ஏழு மாசம்ணே."

"ஏழு மாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குத் தம்பி மலைக்கு? அங்க குளிரு ஆளக் கொல்லும்."

"அவ கண்ணு மூடி ரொம்ப நாளாச்சுண்ணே. மலைக்குப் போனா பிள்ள தூங்குவான், அவன் தூங்குனாத்தான் நான் தூங்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இப்படியே போனா அவளும் எனக்கு இல்லாமப் போயிருவாண்ணே."

நல்லகாமனுக்கு மனசு இளகிவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு ராத்திரியாவது தூங்க வைத்துவிட வேண்டும் என்று தன் வீட்டுக் காரியம்போல எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். செல்வக்குமாரின் பெண்டாட்டி பாண்டிமீனாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. மார்போடு சேர்த்து ஒரு பொட்டலம். மூக்கு நுனிகூடத் தெரியாமல் துணி சுற்றியிருந்தது. ஜீப்பில் ஏறும்போது ஒரு நொடி அதை நல்லகாமன் கையில் கொடுத்தாள்.

கனமே இல்லை.

'ஐயோ பாவம், பிள்ளைக்குப் பாலே இறங்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டார்.

இடம் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். மற்றவர்கள் காட்சி எப்படி என்று பார்ப்பார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் என்றால் நல்லகாமன் முதலில் மரக்கிளையைத்தான் பார்ப்பார். தொட்டில் கட்டத் தோதான கிளை இல்லாத இடத்தில் எத்தனை அழகு இருந்து என்ன, ராத்திரி முழுக்க ஊரே முழித்திருக்க வேண்டியதுதான்!

முதல் இடம் பாறை விளிம்பு. கீழே வாடிப்பட்டி வரைக்கும் தெரியும். பாண்டிமீனா பொட்டலத்தைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"காத்து அடிக்குதாம்ணே. வேணாங்கிறான்."

அடுத்த இடம் ஓடைக்கரை.

"இங்க கொசு. வேணாங்கிறான்."

நல்லகாமன் சிரித்தார். "அடேயப்பா! பெரிய மனுசன்தான்!"

செல்வக்குமார் சிரிக்கவில்லை. பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது இடம் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. காற்றை மறைக்க ஒரு பெரிய பாறை. பக்கத்திலேயே ஜீப் நிற்கலாம். தாழ்ந்த கிளையோடு ஒரு நாவல்மரம்.

அங்கே காலை வைத்ததும் துணிக்குள் ஒரு சத்தம். 'களுக்'. பொக்கைவாய்ப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

"சரிங்கிறான்ணே!" பாண்டிமீனாவின் முகம் மலர்ந்தது.

அவர்கள் கொண்டுவந்திருந்த ஒரு சேலையை நல்லகாமனே முறுக்கிக் கட்டித் தொட்டில் போட்டார். இழுத்து, அமுக்கி, கிளை தாங்குமா என்று பார்த்தார். அவள் பொட்டலத்தை உள்ளே கிடத்தினாள். சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. பிள்ளையின் முகத்தை அப்போதும் அவர் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது. குளிர் இறங்கியது. பிள்ளைக்கு என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அது அப்படியே ஆறிப்போனது. பால்புட்டி இல்லை. ஈரத்துணி ஒன்றுகூடக் காயப்போடவில்லை. சாயங்காலம் முழுக்க ஒரு பிள்ளை நனைக்காமல் இருக்குமா?

'தாய்ப்பால் பிள்ளை... டயப்பர் காலம்...' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தொட்டில் ஆடியது.

கிரீச்... கிரீச்...

காடு ஆயிற்றே, பச்சைப்பிள்ளை பக்கத்தில் ஒரு இரும்பு கிடக்கட்டும் என்று ஜீப்பில் இருந்த அரிவாளை எடுத்து வந்தார். எல்லா வீட்டிலும் செய்வதுதானே. தொட்டிலுக்கு நேர் கீழே வைத்தார்.

வீல்!

அப்படி ஒரு அலறல். தொட்டில் துள்ளியது. சேலைக்குள் கால் உதைத்தது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

பாண்டிமீனா ஓடிவந்து அரிவாளை எடுத்து வீசினாள்.

"இரும்பு ஆகாதுண்ணே! அவன் பயந்துருவான்! போயிருவாண்ணே!"

"இல்ல தங்கச்சி, பிள்ளைக்குக் காவலுக்குத்தான்..."

"வேணாம்ணே. உங்களக் கும்புடுறேன்."

அலறல் விம்மலாயிற்று. பிறகு அடங்கியது. செல்வக்குமார் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

தொட்டில் சேலையைப் பிடித்தபடி, மரத்தில் சாய்ந்து, பாண்டிமீனா கண்ணயர்ந்தாள். எத்தனை நாள் தூக்கமோ! வாய் லேசாகத் திறந்திருந்தது. கை நழுவி மடியில் விழுந்தது.

தொட்டில் நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்...

காற்று இல்லை. எலுமிச்சை இலை ஒன்றுகூட அசையவில்லை.

பிள்ளை சிணுங்கியது. பிறகு அழுதது. இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி வாங்கி...

செல்வக்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லகாமனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன தம்பி, பிள்ள அந்தக் கத்துக் கத்துது, கல்லுப்பிள்ளையார் கணக்கா உக்காந்திருக்க! அவ இப்பத்தான் கண்ணசந்திருக்கா. எந்திரிச்சுப் போய்த் தூக்குய்யா. நீயெல்லாம் ஒரு அப்பனா?"

செல்வக்குமார் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது.

"சீ!" என்று நல்லகாமனே எழுந்து போனார். தொட்டிலுக்குள் கையை விட்டார்.

ஒரு சின்னக் கை அவர் விரலைப் பிடித்தது.

ஐஸ்.

"கை விறைச்சுப் போய்க் கிடக்குய்யா! போர்வையக் கொண்டா!"

கொண்டு வந்தான். அழுதுகொண்டே கொண்டு வந்தான். அவரே போர்த்திவிட்டார். அந்த விரல்கள் விடவில்லை. அழுகை மெல்ல மெல்ல அடங்கும் வரைக்கும் விடவில்லை.

காலையில் பாண்டிமீனா முகம் கழுவி, தலை வாரி, புது மனுஷியாக வந்து நின்றாள். "நல்லாத் தூங்குனான்ணே. நானும் தூங்கிட்டேன்" என்றாள். நல்லகாமனுக்கு வயிறு குளிர்ந்தது.

பழங்காநத்தத்தில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். மாடி வீடு. அவள் பொட்டலத்தோடு படியேறிப் போனாள். செல்வக்குமார் ஜீப் பக்கத்திலேயே நின்றான். திடீரென்று அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க நல்லாருக்கணும்ணே. அவளுக்காக அம்புட்டு நடிச்சீங்க."

"என்ன தம்பி நடிச்சேன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பிள்ள இல்லண்ணே. புரட்டாசில காய்ச்சல் வந்துச்சு. ரெண்டே நாளு... போயிட்டான். அவ கையில இருக்கது வெறும் பழைய சேல. பிடுங்குனா உசுர விட்டுருவேங்கிறா. பாக்குறவுக சிரிக்கிறாக, இல்லாட்டி பயந்து ஓடுறாக. நீங்கதான் தொட்டில் கட்டி, போர்வை போத்தி, என்னயப் பிடிச்சுத் திட்டி... அந்த ஒரு ராத்திரி எனக்கே பிள்ள இருக்க மாதிரி இருந்துச்சுண்ணே."

நல்லகாமன் 'ஆமா தம்பி' என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி... நான் நடிக்கல. அவன் அழுதான். என் விரலப் பிடிச்சான்."

செல்வக்குமார் பயந்துபோவான் என்று நினைத்தார். பயப்படவில்லை. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தான்.

"எப்புடிண்ணே அழுதான்?"

"இழுத்து இழுத்து... மூச்சு வாங்கி..."

"அப்புடித்தாண்ணே அழுவான்! அப்புடியேதான்!" நெஞ்சில் அடித்துக்கொண்டான். "அவளுக்குக் கேக்குது. நேத்து வந்த உங்களுக்குக் கேக்குது. நான் அவன் அப்பன்ணே. எனக்கு மட்டும் ஏண்ணே கேக்கல?"

நல்லகாமன் வாயைத் திறந்தார்.

மாடியில் பிள்ளை அழுதது.

தெருவில் பால்காரன் போனான். பைக் போனது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்வக்குமார் நல்லகாமனின் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"அண்ணே... இப்ப அழுறானா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

செல்வக்குமார் ஓடினான். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று விழுந்தது. மேலே கதவு இடித்துத் திறக்கும் சத்தம். பாண்டிமீனாவின் குரல். அப்புறம்...

அழுகை நின்றது.

மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாய் வந்து நின்றான் செல்வக்குமார். அந்தச் சேலைப் பொட்டலம் அவன் தோளில் கிடந்தது. ஒரு கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நிறுத்திட்டானா?"

"நிறுத்திட்டான் தம்பி" என்றார் நல்லகாமன்.