பதினேழு மாடுகளும் ஒரு மதிப்பெண்ணும்

கால்நடைப் பண்ணையில் அவள் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு மாடுகள் நிற்கும் மூன்றாம் கொட்டகை அவள் பொறுப்பு. காலை நாலரைக்குச் சாணி அள்ளக் குனிந்தால் நிமிர ஏழரை ஆகும். நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. நிரந்தரமாவதற்கு எழுத்துத் தேர்வில் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்க வேண்டும். அதையும் ஐம்பது வயது நிறைவதற்குள் வாங்க வேண்டும். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது தேர்வன்று அவளுக்கு ஐம்பது நிறைய எழுபத்தொரு நாளே இருந்தது. இதுதான் கடைசி.

கேள்விகள் எல்லாம் ஆடு, மாடு, கோழிக் கணக்குகள். பகல் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், புத்தகத்திலும் அவையே வந்து நிற்கும். புருஷன் தையல்காரர். காஜா எடுத்துக்கொண்டே அவர் கேள்வியை வாசிப்பார். அவள் சுவரில் சாய்ந்து, வெந்நீரில் கால் வைத்தபடி கேட்பாள்.

"தலை முப்பத்தஞ்சு, கால் தொண்ணூத்தி நாலு. ஆடு எத்தனை, கோழி எத்தனை?"

"தலையை எண்ணினவன் அப்பவே எது ஆடு, எது கோழின்னு பாத்திருக்கலாம்ல?"

"அவனுக்குத் தெரிஞ்சா உன்னை ஏன் கேக்குறான்? ஆட்டை எக்ஸ்னு வச்சுக்கோ."

"ஆட்டை ஆடுன்னே வச்சுக்கிறேங்க. எனக்குத் தூக்கம் வருது."

கண்ணை மூடியவள் தூங்கவில்லை. தழையை உயரத் தூக்கிப் பிடித்தால் ஆடுகள் எல்லாம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எம்பி நிற்கும். அப்படி நிற்க வைத்துப் பார்த்தாள். தரையில் தலைக்கு இரண்டு கால், ஆக எழுபது. மீதி இருபத்து நாலும் அந்தரத்தில். ஆட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆடு, இருபத்து மூன்று கோழி. தையல்காரர் காகிதத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார், சரியாக வந்தது. அன்றோடு எக்ஸை விட்டுவிட்டார்.

தேர்வு தீவனக் கிடங்கில் நடந்தது. பதினான்காவது கேள்வி இது: ஒரு கொட்டகையில் பதினேழு மாடுகள், ஒன்பதைத் தவிர மற்றவை இறந்துவிட்டன, கொட்டகையில் இப்போது எத்தனை மாடுகள்? அவள் யோசிக்கவே இல்லை. பதினேழு என்று எழுதினாள். பண்ணையில் மாட்டு டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை செத்த மாட்டைப் பதிவேட்டில் குறைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவள் எழுதிப் பழகிய கணக்கு அது.

ஒன்பதாம் நாள் திருத்திய விடைத்தாளோடு முடிவு வந்தது. பதினொன்று.

பண்ணைக்குப் பால் எடுக்க வந்த பால்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரம்மா, எட்டு மாட்டை உசுரோட எழுப்பிட்டீங்களே" என்றார். அவள் கொட்டகைக்குப் போய்த் தொட்டியைக் கழுவினாள். பாதியில் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

விடைகள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவை, தன் கையில் ஒன்றுமில்லை என்று மேலாளர் முன்கூட்டியே கையை விரித்தார். அவள் பதிவேட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"போன வெள்ளிக்கிழமை ஒரு மாடு செத்துச்சு சார். திங்கக்கிழமை வரைக்கும் இருபத்திரண்டுன்னுதான் இருக்கு. கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது நடைமுறைம்மா. இது கணக்கு."

"நான் எழுதினது தப்புன்னா இதுவும் தப்புதானே சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான்கு வருடப் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினார்.

பதில் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. அந்த இருபத்தாறு நாளும் அவள் நாலரைக்கே குனிந்தாள். ஒரு கன்று பிறந்தது. முழங்கால் வீங்கியது. வீட்டில் தேர்வைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பதில் இப்படி இருந்தது: இனிமேல் இறந்த மாட்டை இறந்த அன்றே குறைக்க வேண்டும். ஆயினும் தேர்வன்று பழைய நடைமுறை அமலில் இருந்தபடியால் பதினேழு என்ற விடைக்கும் மதிப்பெண் தரலாம்.

பன்னிரண்டு. மேலாளர் ஆணையில் கையெழுத்துப் போட்டு, வார ஓய்வு எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் ஓய்வுக்கென்று ஒரு கிழமையை நினைக்க அவளுக்கு அவசியமே வந்ததில்லை.

"நாளைக்கு என்ன கிழமைங்க சார்?" என்றாள்.

"புதன்."

"அதையே போட்டுக்கங்க."